மூன்று பாகங்கள் மிஞ்சிய கார்

என்னிடம் ஒரு பழைய எம்ஜிபி இருக்கிறது. 1966இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆபிங்டன் தொழிற்சாலையில் செய்த திறந்த மேல் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. வாங்கி ஆறு வருடம் ஆகிறது. இந்த ஆறு வருடத்தில் அதை ஓட்டியதைவிட அதைப் பற்றிப் படித்ததுதான் அதிகம். வீட்டில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பிரச்சினை கியர் பாக்ஸ். நான்கு கியர், ஓவர்டிரைவ் கிடையாது. முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் இல்லை, வண்டி முழுதாக நிற்காமல் முதல் கியர் போட்டால் பல்லை நறநறவென்று கடிக்கும். நெடுஞ்சாலையில் மணிக்கு 70 மைல் போனால் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,900 சுற்று சுற்றுகிறது. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கினால் காதுக்குள் வண்டு குடியிருப்பது போல இருக்கும். இதற்குத் தீர்வு உண்டு. ஃபோர்டு கார்களுக்காகச் செய்த 'டைப் 9' என்ற ஐந்து கியர் பெட்டியை எம்ஜிபியில் பொருத்துவதற்கென்றே கிட் விற்கிறார்கள். பாடியை வெட்ட வேண்டாம். ஐந்தாவது கியரில் அதே வேகத்துக்கு 3,200 சுற்று போதும்.

மாற்றலாமா, கூடாதா? இந்தக் கேள்வியோடு நான்கு வருடம் இழுத்தேன். "1966இல் எப்படி வந்ததோ அப்படியே வச்சிருக்கணும்" என்று ஒரு பிடிவாதம். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று தேடப் போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

பழைய நம்பர் ஒன்

இந்த விவாதத்தில் இறங்கும் யாரும் ஒரு காரைச் சுற்றி வராமல் போக முடியாது. அது பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ். ஆறரை லிட்டர் இன்ஜின், ஆறு சிலிண்டர். 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று பெயர்.

1929இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வுல்ஃப் பர்னாட்டோவும் டிம் பர்கினும் இந்தக் காரை ஓட்டி ஜெயித்தார்கள். அந்த வருடம் முதல் நான்கு இடமும் பென்ட்லிக்கே. 1930இல் பர்னாட்டோவும் கிளென் கிட்ஸ்டனும் ஓட்ட, மறுபடியும் முதலிடம். பர்னாட்டோ வெறும் ஓட்டுநர் இல்லை. பென்ட்லி கம்பெனிக்குப் பணம் போட்டுத் தூக்கி நிறுத்திய முதலாளியே அவர்தான். அந்தப் பணமும் போதவில்லை. 1931இல் கம்பெனி நொடித்து ரோல்ஸ் ராய்ஸ் கைக்குப் போனது. ஆனாலும் கார் ஓடிக்கொண்டிருந்தது. அதே 1931இல் லண்டனுக்குப் பக்கத்து புரூக்லாண்ட்ஸ் தடத்தில் 500 மைல் பந்தயத்தை ஜாக் டன்ஃபீயும் சிரில் பாலும் அதில் ஜெயித்தார்கள்.

அடுத்த வருடம் அதன் இன்ஜினைக் கழற்றிவிட்டு எட்டு லிட்டர் இன்ஜினை வைத்தார்கள். 1932 செப்டம்பரில் அதே 500 மைல் பந்தயம். ஜாக்கின் தம்பி கிளைவ் டன்ஃபீ ஓட்டினார். புரூக்லாண்ட்ஸ் தடத்தின் வளைவுகள் கிண்ணத்தின் விளிம்பு போல மேலே எழும்பி நிற்பவை. கார் அந்த விளிம்பைத் தாண்டி வெளியே பறந்தது. கிளைவ் இறந்துபோனார்.

காரை அதோடு விடவில்லை. சிதைந்ததைத் திரும்பக் கட்டி, மூடிய மேல் வைத்து, சாலையில் ஓட்டும் காராக மாற்றினார்கள். பல கை மாறியது. பல வருடங்களுக்குப் பிறகு இன்னொருவர் அதைப் பழைய பந்தயக் கார் உருவத்துக்குக் கொண்டுவந்தார்.

இனி 1990க்கு வருவோம். பழைய கார் விலை வானத்தைத் தொட்ட நேரம். ஒரு நிறுவனம் இந்தக் காரை ஏறக்குறைய 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. அப்புறம் பின்வாங்கியது. 'இது ஓல்ட் நம்பர் ஒன்னே இல்லை, அதன் பெயரை வைத்துக்கொண்டிருக்கும் வேறு கார்' என்பது அவர்கள் வாதம். விற்றவர் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நீதிபதி ஓட்டன் முன் வந்தது. (பெயரைப் பாருங்கள், கார் வழக்குக்கென்றே வைத்தது போல!)

நிபுணர்கள் வந்து காரை அக்கக்காகப் பிரித்துச் சாட்சி சொன்னார்கள். 1930இல் ஜெயித்த காரிலிருந்து இப்போது இதில் மிஞ்சியிருப்பவை எவை? பெடல் ஷாஃப்ட், கியர் பாக்ஸின் வெளிக்கூடு, ஸ்டியரிங் காலம். அவ்வளவுதான், மூன்றே பாகங்கள். இன்ஜின் 1932இல் வந்தது. சேசிஸும் 1929உடையது இல்லை. பாடியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இதைப் படித்தபோது வாங்கியவர் பக்கம்தான் தீர்ப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நீதிபதி இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்த்தார். 'ஒரிஜினல்' என்ற சொல் இந்தக் காருக்குப் பொருந்தாது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் இது உண்மையான ஓல்ட் நம்பர் ஒன்தான் என்றார். காரணம், மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. ஒரு பந்தயத்துக்கு இது, அடுத்த பந்தயத்துக்கு அது என்று ஒவ்வொன்றாக மாறியது. ஒவ்வொரு கட்டத்திலும் அது அதே காராகவே இருந்தது. நடுவில் சங்கிலி அறவில்லை. உலகத்தில் வேறு எந்த பென்ட்லியும் அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட முடியாது. ஆகவே, ஒப்பந்தம் செல்லும்.

இந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று உண்டு. நாம் 'அசல்' என்ற ஒரே சொல்லைப் போட்டு இரண்டு வேறு கேள்விகளைக் குழப்பிக்கொள்கிறோம். இதன் உலோகம் பழையதா என்பது ஒரு கேள்வி. இதன் கதை அறுபடாமல் வந்திருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி.

'அப்படியே வைத்திரு' என்பது எப்போது வந்தது?

1920களில் ஒரு பென்ட்லி வாங்குவது என்றால் கம்பெனி கொடுப்பது சேசிஸும் இன்ஜினும்தான். பாடியை வேறொரு பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ள வேண்டும். மாளிகை மாதிரி மூடிய பாடி வேண்டுமா, திறந்த பாடி வேண்டுமா என்பது வாங்குகிறவர் இஷ்டம். இன்றைக்கு பச்சை பெயிண்டும் தோல் பட்டையுமாக, லெ மான் பந்தயத்தில் இருந்து நேராக இறங்கி வந்தது போல நிற்கும் பல பென்ட்லிகள் பிறக்கும்போது மூடிய பாடியோடு பிறந்தவை. பின்னால் யாரோ அதை எடுத்துவிட்டுத் திறந்த பாடி போட்டிருக்கிறார்கள்.

கம்பெனி நிறுவனரே மாற்றத்தோடு சண்டை போட்டிருக்கிறார். நாலரை லிட்டர் பென்ட்லிக்கு சூப்பர்சார்ஜர் பொருத்த வேண்டும் என்று பர்கின் ஆசைப்பட்டார். டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு அது துளியும் பிடிக்கவில்லை. வேகம் வேண்டுமென்றால் இன்ஜினைப் பெரிதாக்கு, காற்றை ஊதி அடைக்காதே என்பது அவர் கட்சி. பர்னாட்டோ பர்கின் பக்கம் சாய்ந்தார். அப்படி வந்ததுதான் 'புளோயர்'. லெ மான் பந்தயத்தை அது ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. ஆனால் இன்றைக்குப் பழைய பென்ட்லி என்றால் முதலில் ஞாபகம் வருவது அதுதான். உருவாக்கியவரே 'கெடுத்துவிட்டார்கள்' என்று நினைத்த ஒரு மாற்றம், நூறு வருடம் கழித்துத் தொடக்கூடாத அசல் ஆகிவிட்டது!

1934இல் இங்கிலாந்தில் விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆரம்பித்தார்கள். 1930 முடியும்வரை செய்த கார்களைத்தான் 'விண்டேஜ்' என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் மட்டம் என்று நினைத்தவர்கள். அந்தக் காலத்தில் இந்தக் கார்கள் நான்கைந்து வருடப் பழசு, அவ்வளவே. விலை மலிவு. அதனால் பயமில்லாமல் வெட்டினார்கள், சேசிஸைச் சுருக்கினார்கள், ஒரு காரின் இன்ஜினை இன்னொன்றில் ஏற்றினார்கள். அப்படிச் செய்ததற்கு 'ஸ்பெஷல்' என்று பெயர். அந்த ஸ்பெஷல்களில் சில இன்று தாமே மதிப்பு மிகுந்த சரித்திரப் பொருள்கள்.

ஆக, 'ஒரிஜினல்' என்ற பயபக்தி காரோடு சேர்ந்து பிறந்தது இல்லை. விலை ஏறியபோது அதுவும் ஏறியது. 1980களில் பழைய கார் முதலீட்டுப் பொருளானதும், இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் கம்பெனிப் பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் முதல் கேள்வியாகிவிட்டது.

இதைச் சொன்னவுடன் 'அப்படியானால் பாதுகாப்பு என்பதெல்லாம் பணக்காரர்களின் வியாதி' என்று முடித்துவிட முடியாது. எதிர்ப்பக்கத்துக்கும் வலுவான உதாரணம் இருக்கு. ஃபெராரி 250 ஜிடிஇ. 1960களின் தொடக்கத்தில் வந்த நான்கு பேர் உட்காரும் கார், 950 வாக்கில் செய்தார்கள். அதே குடும்பத்து 3 லிட்டர் 12 சிலிண்டர் இன்ஜின்தான் பந்தயத்துக்கான 250 ஜிடிஓவிலும். ஜிடிஓ மொத்தமே 36தான். ஜிடிஓவின் விலை ஏற ஏற, குடும்பக் காரான ஜிடிஇயை வாங்கி, பாடியை எறிந்துவிட்டு, ஜிடிஓ மாதிரி தகடு அடித்துப் போட்டார்கள். யாரும் மதிக்காத கார் என்பதால் கை கூசவில்லை. இன்றைக்கு ஜிடிஇக்கும் மதிப்பு வந்துவிட்டது. போன பாடிகள் போனவைதான். இன்று மலிவாகத் தெரிவது நாளைக்கு அருமையானதாக ஆகலாம் என்பது வெட்டுகிறவன் கைக்குத் தெரிவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு அளவுகோல்.

பிரிட்டனில் வாகனப் பதிவு அலுவலகம் பல ஆண்டுகள் வைத்திருந்த மதிப்பெண் முறை வேடிக்கையானது. பெரிய அளவில் மாற்றிய கார் தன் பழைய நம்பரை வைத்துக்கொள்ள 8 மதிப்பெண் எடுக்க வேண்டும். சேசிஸுக்கு 5. சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர் பாக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2. இன்ஜினுக்கு? வெறும் 1! காரின் இதயம் என்று நாம் சொல்லும் இன்ஜினுக்குத்தான் எல்லாவற்றையும்விடக் குறைச்சல்.

இந்தியாவில் 2021இல் வந்த விதி வேறு மாதிரி. 50 வருடத்துக்கு மேற்பட்ட வாகனம், சேசிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்யாமல் இருந்தால் 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு என்று சிலவற்றுக்கு மட்டும் ரோட்டில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்ட முடியாது. நோக்கம் நல்லதுதான். ஆனால் இறக்குமதி உதிரிப்பாகம் கிடைக்காத பல பத்தாண்டுகளில், கையில் அகப்பட்ட இன்ஜினை ஏற்றித்தான் நம்மூர் மெக்கானிக்குகள் எத்தனையோ பழைய கார்களைக் காயலான் கடைக்குப் போகாமல் காப்பாற்றினார்கள். அந்தக் கார்களை இந்த விதி என்ன செய்யும் என்று யோசித்தால் மனசு சங்கடப்படுகிறது.

மூன்றாவது, ஃபிவா என்ற உலகளாவிய பழைய வாகனக் கூட்டமைப்பு. அதுவும் 1966இல் பிறந்தது, என் கார் மாதிரியே. 2012இல் அவர்கள் 'டூரின் சாசனம்' என்று ஒன்றை ஏற்றார்கள். பழைய கட்டடங்களுக்கான 1964ஆம் வருட வெனிஸ் சாசனத்தை முன்மாதிரியாக வைத்து எழுதியது. மாற்றவே கூடாது என்று அது சொல்லவில்லை. ஓட்டுவதற்குத் தேவையென்றால் குறைவாக மாற்று, திரும்ப எடுக்கும்படி மாற்று, எழுதி வை, கழற்றிய முக்கியமான பாகத்தைப் பத்திரப்படுத்து. சாரம் இதுதான்.

ஆனால் எல்லைக் கோடும் போடுகிறார்கள். 2017இல் ஜாகுவார் கம்பெனியே தன் பழைய ஈ டைப் காரில் மின் மோட்டார் வைத்து 'ஈ டைப் ஜீரோ' என்று காட்டியது. 2018இல் இளவரசர் ஹாரி கல்யாணத்தன்று அதில்தான் போனார். பழைய இன்ஜின் இருந்த இடத்திலேயே பேட்டரி உட்காரும், வேண்டுமென்றால் திரும்ப இன்ஜினை வைக்கலாம் என்றார்கள். ஆனாலும், மின்சாரத்துக்கு மாறிய கார் மாறியிருக்கும்வரை சரித்திர வாகனம் ஆகாது என்று ஃபிவா 2019இல் சொல்லிவிட்டது.

மண்ணெண்ணெய்

இவ்வளவையும் படித்து முடித்த பிறகும் என் கியர் பாக்ஸ் அப்படியேதான் இருந்தது.

நான் கார் விடும் கராஜ் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணனுடையது. என் காரைப் பார்த்த முதல் நாளே பானட்டைத் தூக்கிவிட்டு, "உது கேம்பிரிட்ஜ் இன்ஜின்தானே" என்றார். சரிதான். எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜின் பிஎம்சியின் பி சீரிஸ் குடும்பம். ஆஸ்டின் கேம்பிரிட்ஜும் அதே குடும்பம்தான். எங்கள் ஊர் அம்பாசடரில் ஓடிய 1489 சிசி இன்ஜினும் அதேதான். திருச்சியில் என் சித்தப்பா வாடகைக்கு ஓட்டிய வண்டியின் ஒன்றுவிட்ட தம்பியை நான் இங்கே ஸ்போர்ட்ஸ் கார் என்று துடைத்துக்கொண்டிருக்கிறேன்!

போன இலையுதிர் காலத்தில் அவரிடம் என் நான்கு வருடக் குழப்பத்தைக் கொட்டினேன். பென்ட்லி வழக்கு, சாசனம், எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, உதை நீர் ஓடுறதுக்கு வாங்கினனீரோ, துடைச்சு வைக்கிறதுக்கோ?"

"ஓட்டத்தான் அண்ணே. ஆனா ஒரிஜினல் போயிடுமேன்னு..."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தொண்ணூறுக்குப் பிறகு எங்கட பக்கம் பெற்றோல் வரவிடேல்ல. பொருளாதாரத் தடை. கார் எல்லாம் மண்ணெண்ணெயிலதான் ஓடினது. துளிப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துவம். ஒரே புகை. பிளக் எல்லாம் கரி பிடிச்சுப் போகும், கழட்டித் துடைச்சுப் போடுவம். ஒருநாள் ராத்திரி ஒரு பிள்ளைத்தாச்சியை ஒரு பழைய கேம்பிரிட்ஜில ஏத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனன். வண்டி ஒறிஜினலோ எண்டு அந்தப் பிள்ளை கேக்கேல்ல."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"ஆனா ஒண்டு. கழட்டின சாமான் ஒண்டையும் நாங்கள் எறியேல்ல. பெற்றோல் திரும்ப வரும் எண்டு எல்லாத்தையும் ஒரு பெட்டியில போட்டு வச்சனாங்கள். நீரும் எறியாதேயும்."

டூரின் சாசனத்தை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் படிக்காமலே அதற்கு இருபது வருடம் முன்னால் அதன்படி நடந்திருக்கிறார்.

தகடு

சரி, மாற்றுவது என்று முடிவானது. கியர் பாக்ஸை எடுப்பதற்கு முன்னால் உள்ளே இருந்த கார்பெட்டையெல்லாம் நான் எடுத்தேன். அப்போதுதான் ஒரு சின்னத் தகடு கண்ணில் பட்டது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ்.

விஷயம் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் புரிந்திருக்கும். ஆபிங்டன் தொழிற்சாலையை 1980இல் மூடிவிட்டார்கள். துரு பிடித்துச் செத்துக்கொண்டிருந்த எம்ஜிபிகளுக்காக 1988இலிருந்து ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளை வைத்து முழு பாடியையே புதிதாக அடித்து விற்றது. எம்ஜிபிக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடிதான் எலும்புக்கூடு. அதாவது, ஆறு வருடமாக 1966 என்று நான் கட்டிக் காத்துக்கொண்டிருந்த கார், எலும்பும் தோலும் 1988க்குப் பிறகு வந்தது. முந்தைய உரிமையாளர் யாரோ இன்ஜின், கியர் பாக்ஸ், ஆக்ஸில், இருக்கை எல்லாவற்றையும் புதுக் கூட்டுக்குள் மாற்றியிருக்கிறார்கள். கையோடு வந்த காகிதங்களில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

முதலில் ஏமாந்த மாதிரி இருந்தது. இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் ஓல்ட் நம்பர் ஒன் ஞாபகம் வந்தது. அந்தக் காரில் மூன்று பாகம்தான் மிச்சம், ஆனாலும் அது அதுதான் என்று ஒரு நீதிபதி ஏன் சொல்ல முடிந்தது? எது எப்போது மாறியது என்று நீதிமன்றத்தில் ஒவ்வொன்றாகச் சொல்ல முடிந்ததால்தான். என் காரில் எனக்கு உறுத்துவது பாடி மாறியது இல்லை. மாற்றியவர் எழுதி வைக்காமல் போனதுதான். பாடி மாற்றாமல் இருந்திருந்தால் இந்தக் கார் எப்போதோ துருவாகக் கொட்டியிருக்கும். அவர் செய்தது நல்ல காரியம். சொல்லாமல் போனதுதான் குறை.

ஆகவே என் வரையறை இப்போது இதுதான். பாதுகாப்புக்கும் ஓட்டுவதற்கும் தேவையானதை மாற்றலாம். 2000க்குப் பிறகு இங்கே ஈயம் கலந்த பெட்ரோல் இல்லை, அதனால் வால்வு சீட்டை மாற்றித்தான் ஆக வேண்டும். 2021இலிருந்து 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் குழாயை அரிக்கிறது, அதையும் மாற்ற வேண்டும். வெட்டி எடுக்க வேண்டிய எதையும் தொட மாட்டேன். இதைப் போன்ற கார் இன்னும் நிறைய இருக்கிறது என்பதாலும் எனக்கு இந்தச் சுதந்திரம். எம்ஜிபி ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். உலகத்தில் மூன்றே மிஞ்சிய காராக இருந்தால் நான் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு ஓட்டுவேன்.

ஐந்து கியர் பெட்டி இப்போது காரில் இருக்கிறது. பழைய பெட்டியை எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, ஷெட்டின் மூலையில் வைத்திருக்கிறேன். அதன்மேல் ஒரு அட்டை: எந்தக் காரிலிருந்து, எந்தத் தேதியில், ஏன் கழற்றினேன், முதல் கியர் எப்படிக் கடிக்கும் என்பதுவரை எழுதிக் கட்டியிருக்கிறேன். காரின் கையுறைப் பெட்டியில் ஒரு நோட்டும் இருக்கிறது. முதல் பக்கத்தில் ஹெரிடேஜ் தகட்டைப் பற்றி எழுதினேன். எனக்கு அடுத்து இதை வாங்கப்போகிறவர் அதற்காக இரண்டு நாள் துக்கம் காக்க வேண்டியதில்லை.